எழுபதாயிரமும் நூறு டொலரும்

அன்புள்ள ஐயா,

போன கிழமை ஈராக் போருக்குச் சொல்லப்பட்ட காரணங்களைப் பற்றி எழுதினீர்கள். பாதி வழியில் மலிவு விலைக் கணினிக்குத் தாவிவிட்டீர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அமெரிக்கா சொன்ன பொய்யை எழுதுகிற நீங்கள் நம் நாட்டில் சொல்லப்பட்டதைத் தொடவே இல்லை. பயமா?

இன்னொன்று. மகள் உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுத்திருக்கிறாள். கடையில் புது லப்டொப் விலை கேட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பழையது வாங்கலாமா? 1990இல் எங்கள் பக்கம் காணாமற்போனவர்களின் பெயர்களை அம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று மகள் நிற்கிறாள்.

களுதாவளையிலிருந்து ஓர் ஆசிரியர்
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள சேர்,

முதலில் என் பக்க முறைப்பாடு. உங்கள் கடிதம் பாமினி எழுத்துருவில் வந்தது. போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. மாற்றி எடுத்துத்தான் வாசித்தேன். இந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பயமா என்றால், ஒள்ளுப்பம் இருக்கிறதுதான். ஆனால் போன கிழமை எழுதாமல் விட்டதற்குக் காரணம் சோம்பல். ஈராக்கைப் பற்றி எழுதுவது சுகம். 2003 பெப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த கொலின் பவல், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டிப் பேசியது முழுக்கப் பதிவில் இருக்கிறது. பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்கா அனுப்பிய குழுவே 2004இல் அறிக்கை கொடுத்தது. அந்த உரை தன் பெயரில் விழுந்த கறை என்று பவலே பிறகு ஒப்புக்கொண்டார். பிரித்தானியா போரில் இறங்கியதை விசாரித்த சில்கொட் அறிக்கை 2016இல் வெளிவந்து, அந்தப் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்றது. போரைத் தொடங்கிய தலைவர் எவரும் மறியலுக்குப் போகவில்லை. ஆனாலும் காகிதம் இருக்கிறது. காகிதம் இருக்கிற பொய்யைப் பற்றி வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு யாரும் எழுதலாம்.

நம் நாட்டில் சொல்லப்பட்டவற்றில் என்னால் தாண்டிப் போக முடியாதது ஒரு எண். 2009 பெப்ரவரி அளவில், வன்னியில் சிக்கியிருக்கிற சனம் சுமார் 70,000 என்றது அரசு. மே மாதம் போர் முடிந்தபோது முகாம்களுக்குள் இருந்தவர்கள் 280,000க்கும் மேல். 'பொதுமக்கள் இழப்பு பூச்சியம்' என்ற அரசின் பேச்சைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட இந்த எழுபதாயிரம் கொடியது. அரிசி, மா, மருந்து எல்லாம் தலைக்கணக்கின்படிதான் போகும். குறைத்துச் சொன்ன கணக்கு உணவையும் மருந்தையும் குறைக்கப் பயன்பட்டது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. பூச்சியம் என்பது நடந்து முடிந்ததை மறைக்கச் சொன்னது. எழுபதாயிரம் என்று சொன்னபோது அந்தச் சனம் உயிரோடு, பசியோடு இருந்தது.

தலைக்கணக்கு எப்படிச் சுருங்கும் என்பதை நான் சின்ன அளவில் கண்ணால் கண்டிருக்கிறேன். 2007 மார்ச்சில் சண்டைக்குப் பயந்து படுவான்கரைச் சனம் மட்டக்களப்பு வாவியைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்த மாதங்களில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தவர்களின் பட்டியலை எழுத நானும் இன்னும் இரண்டு பொடியன்களும் நின்றோம். பெயர், வயது, கிராமம், குடும்ப அட்டை இலக்கம். கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. நிவாரணம் வந்த அன்று பார்த்தால், நாங்கள் எழுதிய 47 குடும்பங்கள் மேலிருந்து வந்த பட்டியலில் இல்லை. கேட்டால், 'உங்கட கணக்குப் பிழை' என்றார்கள். மூன்றாம் பிரதியில் பாதி எழுத்து விழவேயில்லை. எதைக் காட்டி வாதாடுவது?

மறுகா ஒருவர் பழைய லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்க மூடி உடைந்து, கறுப்பு ரேப் சுற்றிய சாமான். பற்றரி செத்துப்போய், மின்சாரம் இருந்தால் மட்டும் உயிர். இரண்டு இரவு இருந்து எல்லாப் பெயரையும் எக்செலில் அடித்தோம். இரட்டைப் பதிவுகள் ஆறு. அது எங்கள் பிழை, ஒப்புக்கொண்டோம். மற்றபடி 41 குடும்பங்கள் உண்மையிலேயே விடுபட்டிருந்தன. அச்சடித்து, அட்டை இலக்கத்தோடு மேசையில் வைத்தபோது முன்னைப் போல் விரட்டவில்லை. அரிசி உடனே வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒன்பது நாள் சென்றது. நீங்கள் கேட்ட சம்பந்தம் எனக்கு அந்த மேசையில்தான் இருக்கிறது.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் கணக்கைக் குறைத்தவனாவேன். 1990 செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனதை வருடா வருடம் நினைவுகூர்கிறோம். நான்கு நாள் கழித்து நடந்த சத்துருக்கொண்டான் படுகொலையையும் நினைவுகூர்கிறோம். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 3 அன்று, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டு இறந்தார்கள். தாங்கள் செய்யவில்லை என்றார்கள் புலிகள். நம்மில் எத்தனை பேர் அதை வசதியாக நம்பினோம்? அரசு என்று இல்லை, துவக்கை வைத்துக்கொண்டு ஆட்சி செய்கிற எவருக்கும் கணக்கு ஒரு தலைவலிதான்.

சரி, கணினிக்கு வருவோம். அங்கேயும் வாக்குத் தவறிய எண் ஒன்று உண்டு. 2005இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரபொன்டி, ஏழைப் பிள்ளைகளுக்கு 100 டொலரில் லப்டொப் என்று உலகம் முழுக்கச் சொன்னார். காட்சிக்கு வைத்த மாதிரியில் கையால் சுற்றி மின்சாரம் எடுக்கிற பிடிகூட இருந்தது. 2007இல் உற்பத்திக்கு வந்தபோது பிடியைக் காணோம், விலை கிட்டத்தட்ட 190 டொலர். சிரித்தார்கள். ஆனால் வெயிலில் வாசிக்கக்கூடிய திரையும், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற தன்மையும் அதில் உண்மையாகவே இருந்தன. அதே வருடம் பெரிய கொம்பனிகளும் சின்ன, மலிவு லப்டொப்களை இறக்கத் தொடங்கின. 2012இல் ராஸ்பெரி பை என்ற அட்டை அளவுக் கணினி 35 டொலருக்கு வந்தது. சொன்ன விலைக்கே விற்றார்கள். திரை, விசைப்பலகை எல்லாம் நாம்தான் தேட வேண்டும் என்பது வேறு கதை. 100 டொலர் 190 ஆனதால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அந்த மனிதரில் எனக்குக் கோபமில்லை.

டொலர்க் கணக்கில் விலை மலிவதும் நமக்கு மலிவதும் ஒன்றல்ல. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த 35 டொலர்ச் சாமான் 7,000 ரூபாயிலிருந்து, இருந்த இடத்திலேயே 12,600 ஆனது. அதற்குமேல் இப்போது 18 சதவீத வற் வரி. உங்கள் தூக்கம் போனதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே பழையதே வாங்குங்கள். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட லப்டொப்கள் இங்கே நிறைய வருகின்றன. பளபளப்பைப் பார்க்காமல் பிணைச்சலை ஆட்டிப் பாருங்கள். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் இருந்தால் போதும். கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின் பலவற்றில் ஏறாது. அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் காசில்லாமல் கிடைக்கும், மகள் படிக்கப்போகிற பைதன் நிரல்மொழிக்கு அது தாராளம். ஒரு கிழமை முணுமுணுப்பாள், பிறகு பழகிவிடும்.

அம்மாவின் கொப்பிக்கு லப்டொப் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து, மூன்று வெவ்வேறு இடத்தில் வையுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே பெயர்களை வாசிக்கச் சொல்லி, குரலையும் பதியுங்கள். எந்த வீடு, யாருடைய மகன், கடைசியாக என்ன உடுப்பு என்பதெல்லாம் கொப்பியில் இருக்காது. மறுகா மகள் ஆறுதலாகத் தட்டச்சு செய்யட்டும், எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில். பாமினியில் அடித்து வைத்தால் பத்து வருடம் கழித்து ஒரு பெயரைத் தேடுகிறவருக்கு எனக்கு உங்கள் கடிதம் தெரிந்த மாதிரித்தான் தெரியும்.