முழங்கால் தேய்மானத்துக்குப் பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது. முழங்கால் மூட்டு தேய்ந்திருப்பதாக மருத்துவர் கூறி, பிசியோதெரபிக்குப் பரிந்துரைத்திருக்கிறார். வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வசிக்கும் எனக்குப் படியேறுவதே பெரும்பாடாக இருக்கையில், பயிற்சியும் செய்தால் மூட்டு மேலும் தேயாதா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தேயாது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லாததால், மூட்டு அசையும்போது அழுந்தி விரிந்து, சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. வலிக்கு அஞ்சி அசையாமல் இருந்தால் தொடைத் தசை மெலிந்து, அது தாங்க வேண்டிய சுமையும் மூட்டின் மீதே விழும். அதனால்தான் தைலத்தைவிடத் தொடைத் தசைப் பயிற்சியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூச்சை அடக்காமல் அந்தத் துண்டை முழங்காலால் 5 நொடி கீழே அழுத்தித் தளர்த்துங்கள். 10 முறை போதும். செய்யும்போது சிறிது வலிக்கலாம். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். பலரும் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள்.

மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி, ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வையுங்கள். கைத்தடி வைத்திருந்தால் அது வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும்.

நேரில் பயிற்சி பெற, ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு அருகிலேயே உள்ளது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.