ரிமோட் ஹெலிகாப்டர்: பொம்மை பறக்கிறது, பெரியது ஏன் கவிழ்கிறது?

பொம்மை ஹெலிகாப்டர் சுலபமாகப் பறந்தது, ஆறு சேனல் (ரிமோட்டில் ஆறு தனித்தனிக் கட்டுப்பாடுகள் உள்ள) ஹெலிகாப்டர் மட்டும் எழும்பியதுமே கவிழ்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சின்னப் பொம்மைகள் பலவற்றில் இரண்டு ஜோடி பிளேடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுற்றும், அதனால் அது தானாகவே நிதானமாக நிற்கும். ஆறு சேனலில் பிளேடின் கோணமே மாறும். விரல் லேசாக அசைந்தாலும் அது சாய்ந்துகொண்டே போகும், நீங்கள்தான் எதிர்ப்பக்கம் தட்டி நிறுத்த வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் போட்டுப் பழகுங்கள், இதைத் தாண்டிப் போகவே போகாதீர்கள். வால் உங்கள் பக்கம் இருக்க ஒரே இடத்தில் நிறுத்தி வையுங்கள், அப்புறம் பக்கவாட்டில். உண்மையான சோதனை மூக்கு உங்களைப் பார்க்கும்போதுதான், இடம் வலம் தலைகீழாகிவிடும். அப்போது எனக்குக் கைகொடுத்த வழி இது: உங்கள் பார்வையில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

நிஜ மைதானத்தில் முழங்காலுக்குக் கீழே மிதக்க விடாதீர்கள், பிளேடு தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி ஆட்டும், கண் மட்டத்தில்தான் அடங்கி நிற்கும். விழப்போகிறது என்று தெரிந்தால் உடனே த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைப் போடுங்கள், அது மோட்டாரை அப்போதே நிறுத்திவிடும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளேடு தரையில் அடித்தால் மெயின் கியரின் (பிளேடைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம்) பற்கள் வழித்தெடுத்த மாதிரி போய்விடும்.