கோள மோட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காந்தங்கள் ஒட்டிய பந்து (ரோட்டர்), அதைச் சூழ்ந்த அசையாச் சுருள்களுக்கு (ஸ்டேட்டர்) நடுவே எப்பக்கமும் திரும்பும் மோட்டரே கோள மோட்டர்.

கல்லடி வாசகர்: ரோட்டருக்கு என்52 காந்தமே சிறந்ததா?

மேசையில் வைத்துப் பார்க்கும்வரை சிறந்ததுதான். என்52 போன்ற சாதாரண என் வரிசை நியோடிமியக் காந்தம் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். சுருள்களுக்கு நடுவே அடைபட்ட கோளத்துக்கோ காற்றோட்டம் குறைவு. வலு சற்றுக் குறைந்தாலும், 150 பாகைவரை தாங்கும் எஸ்எச் வகையை வாங்குங்கள். நிக்கல் பூச்சில் கீறல் விழுந்த காந்தத்தை ஒட்டாதீர்கள். நமது வாவிக்கரை உப்புக்காற்று அதை விட்டுவைக்காது.

கல்முனை வாசகர்: பந்து வலுவில்லாமல் திரும்புகிறது. மின்னோட்டத்தைக் கூட்டலாமா?

கடிதத்தில் காந்தத்தின் விலையை எழுதிய நீங்கள், கோளத்துக்கும் சுருளுக்கும் இடையிலான காற்றிடைவெளியை எழுதவில்லை. கிணற்றின் ஆழத்தைச் சொல்லாமல் கயிற்றின் நீளத்தைக் கேட்டால் என்ன பதில் சொல்வது? பலமுறை எழுதிவிட்டேன்: இடைவெளியை மில்லிமீற்றரில் எழுதுங்கள். சுருளின் நடுவே இரும்பு அகணி இல்லாத மோட்டரில், காந்த முனைகள் கூடக் கூடப் புலம் பரப்பை விட்டு விரைவாகத் தேயும். 30 மி.மீ. ஆரையுள்ள கோளத்தில் நான்காம் படிப் புலத்தை (பல முனைகள் மாறி மாறி வரும் புலக்கோலம்) எடுத்துக்கொண்டால், அது மையத்திலிருந்தான தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு நேர்மாறாகக் குறைவதால், பரப்பிலிருந்து 1 மி.மீ. அப்பால் 80 சதவீதமளவும் 3 மி.மீ. அப்பால் 55 சதவீதமளவுமே எஞ்சும். 1 மி.மீ. இடைவெளி 3 மி.மீ. ஆவதால் வரும் இழப்பை மின்னோட்டத்தால் ஈடுசெய்யப் போனால் ஒன்றரை மடங்கு மின்னோட்டமும் இரு மடங்குக்கு மேற்பட்ட வெப்பமும் வரும்; வெப்பம் காந்தத்தைக் கெடுக்கும். சுருளின் தடிப்பையும் கணக்கில் எடுங்கள்: 8 மி.மீ. தடித்த சுருளின் வெளிச்சுற்றுகள் வெப்பத்தைக் குறைவின்றித் தரும், விசையைச் சொற்பமாகவே தரும். ஒருமுறை நான் முப்பரிமாண அச்சில் வார்த்து ஒட்டிய அரைக்கோளங்களின் இணைப்புக் கோடு அரை மி.மீ. புடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் சுற்றிவரச் செருகியபோது, ஓரிடத்தில் அது இறுகி நின்றதால்தான் தெரிந்தது. அந்தப் புடைப்பு உரசாதிருக்கவே முழு ஸ்டேட்டரையும் விலக்கி வைத்திருந்தேன். முதலில் அளந்து பாருங்கள், மின்னோட்டத்தைப் பிறகு பார்ப்போம்.

சம்மாந்துறை வாசகர்: மூன்று அச்சுகளுக்கு மூன்று சுருள்கள் போதுமா?

கோளம் எப்பக்கமும் திரும்ப வேண்டுமானால் போதாது. ஒவ்வொரு சுருளுக்கும் முறுக்குவிசை பூச்சியமாகும் ஒரு நிலை உண்டு. அந்த நிலையில் ஓர் அச்சு கைவிட்டுப் போகும். சுருள்களைக் கூட்டி, போலி நேர்மாறுத் தாயத்தால் (வேண்டிய முறுக்குவிசையை மிகக் குறைந்த மின்னோட்ட வர்க்கக் கூட்டுத்தொகையில் தரும் பங்கீட்டைக் காணும் கணித முறை) மின்னோட்டங்களைப் பங்கிடுங்கள். தடை சமமான சுருள்களில் செப்பு வெப்பமும் அதனால் மிகக் குறைவாகும்.

அக்கரைப்பற்று வாசகர்: இரும்பு அகணி வைத்தால் வலு கூடாதா?

கூடும். ஆனால் மின்னோட்டம் இல்லாதபோதும் கோளம் இரும்பை நோக்கி இழுபட்டு நிற்கும். இரும்பு இதற்குமேல் காந்தமேற முடியாதபடி நிரம்பலடைந்தால், ஒவ்வொரு சுருளின் விளைவையும் தனித்தனியே கண்டு கூட்டும் மேற்பொருந்துகைக் கணக்கும் பொய்த்துவிடும். முதல் மோட்டருக்கு வேண்டாம்.

ஏறாவூர் வாசகர்: காந்தங்களை ஒட்டிய பிறகு முனை மாறியதை எப்படி அறிவது?

ஒட்டுவதற்கு முன்பே திசைகாட்டியால் பார்த்து, வடமுனையில் பேனையால் குறியிட்டிருக்க வேண்டும். இப்போது காந்தப்புலத்தின் திசையை உணரும் ஹோல் சென்சரைப் பரப்பில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். மாறியதைக் கழற்றும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அயற்காந்தத்தில் மோதினால் அது சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.