நீங்கள் செய்த கேம், பட்டா யார் பேரில்? – அண்ணாச்சி பதில்கள்

அண்ணாச்சி, ஒரு கல்லூரி நடத்திய கேம் ஜாமில், அதாவது 48 மணி நேரத்துக்குள் ஒரு வீடியோ கேம் செய்து முடிக்கும் போட்டியில், நானும் என் சிநேகிதனும் கலந்துகொண்டோம். தாமிரபரணியில் வெள்ளம் ஏற ஏற, குறுக்குத்துறை முருகன் கோயில் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் எங்கள் கேம். பரிசு இல்லை. இப்போது பக் எல்லாம் சரிசெய்து நாங்களே வெளியிடலாம் என்று கல்லூரிக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் பழைய வெர்ஷனை நீக்கச் சொன்னால், "போஸ்டரிலேயே போட்டிருந்தோமே, வருகிற படைப்பெல்லாம் எங்களுக்குத்தான் சொந்தம்" என்கிறார்கள். அப்படியா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, முதலில் அந்த ஐடியாவுக்கு ஒரு சபாஷ். கோயில் முங்குவதைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த ஊரில், அதைக் கேமாக யோசிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறுவதையே டைமராக வைத்தீர்களா? வைக்கவில்லையென்றால் புது வெர்ஷனில் வையுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி ஒரு படைப்பின் முதல் சொந்தக்காரர் அதைச் செய்தவர்தான். கேமின் கோடும் (கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரல்) அந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வரும், பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி எழுதிக் கொடுத்த தாளில்கூட எத்தனை வருடம் என்று போடவில்லையென்றால் 5 வருடம்தான், எந்த இடம் என்று போடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். சுவரில் ஒட்டிய போஸ்டரில் ஒரு வரி போட்டுவிட்டு "எல்லாம் எங்களுக்கு" என்றால் எப்படி? நீங்கள் வேறு ஏதாவது ஃபார்மில் கையெழுத்தோ டிக்கோ போட்டிருந்தால் மட்டும், அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். முழுசாக எழுதிக் கொடுத்திருந்தாலும், இதைச் செய்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு உங்களிடமே விட்டுவைக்கிறது.

போட்டி நடத்துபவருக்கு உண்மையில் என்ன வேண்டும்? நடுவர் விளையாடிப் பார்க்கணும், பெரிய திரையில் காட்டணும், அடுத்த வருட விளம்பரத்துக்கு நாலு படம் போடணும். அதற்கு அனுமதி போதும். குத்தகைக்கு விடுவது வேறு, கிரயம் எழுதிக் கொடுப்பது வேறு, இது நம்ம ஊரில் வயல் வைத்திருக்கிற எந்தப் பெரியவருக்கும் தெரியும். வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, யாரோ ஒருத்தர் பழைய கட்டுரைப் போட்டி நோட்டீஸிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள்: பழைய ஃபைலை எடுத்துவிட்டு எங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள், ஜாமின் பெயரை நாங்களும் போடுகிறோம் என்று. பாதிப் பேர் இதற்கே சரி என்று விடுவார்கள். மெயிலில் சிநேகிதன் பெயரும் இருக்கட்டும், அவரும் சொந்தக்காரர்தானே.

அடுத்த முறை ஜிப் ஃபைலை அடுத்தவர் டிரைவில் போடாதீர்கள். இட்ச்.ஐஓ மாதிரி, கேம்களை ஏற்றி வைக்கும் இணையதளத்தில் கேம் உங்கள் கணக்கில், உங்கள் பக்கத்தில் இருக்கும், ஜாமில் அதைச் சேர்க்க மட்டும் செய்கிறீர்கள். ஓட்டுப் போடும் நாட்களில் ஃபைலை மாற்ற விடாமல் பூட்டுவார்கள், அது நியாயம்தான். அது முடிந்தபிறகு திருத்துவதும் மறைப்பதும் அழிப்பதும் உங்கள் கையில்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். வெளிநாட்டு ஜாம்களில் சோர்ஸ் கோடையும் கொடுக்கச் சொல்கிறார்களே, கொடுத்தால் கேம் போய்விடாதா அண்ணாச்சி?
– மாணவி, தென்காசி

கோடைக் காட்டுவதால் மட்டும் உரிமை போய்விடாதும்மா. 2002-லிருந்து இணையத்தில் நடக்கும் லூடம் டேர் என்ற ஜாமில், தனி ஆளாக 48 மணி நேரத்தில் செய்யும் பிரிவுக்கு கோடு கேட்பார்கள், அந்தக் கெடுவுக்குள் நீங்களே செய்ததுதானா என்று பார்க்க அது உதவும். பார்க்க வேண்டியது, கேமை யார் என்ன செய்யலாம் என்று சொல்லும் லைசென்ஸ் பத்தியை. 2009-ல் தொடங்கிய குளோபல் கேம் ஜாமில் பல வருடங்கள், வியாபாரத்துக்கு அல்லாத கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்தவர் அதை எடுத்து மாற்றலாம், விற்கக் கூடாது. ஆனால் செய்தவர் விற்கலாம். சர்ஜன் சிமுலேட்டர் என்ற கேம் 2013 ஜனவரியில் அந்த ஜாமில் பிறந்து அதே வருடம் விற்பனைக்கே வந்துவிட்டது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், அந்த லைசென்ஸில் ஒருமுறை கொடுத்ததை, எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பிடுங்க முடியாது. அப்புறம், உங்களுக்கு 18 ஆகவில்லையென்றால் சில ஜாம்களில் அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து கேட்பார்கள், அந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஜாமில் நான் சொன்ன ஐடியாவைப் பக்கத்து டீம் சுட்டுட்டான். கேஸ் போடலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

முடியாது. ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, நீங்கள் எழுதிய கோடு, வரைந்த படம், போட்ட இசை இதற்குத்தான். ஜாமில் எல்லா டீமுக்கும் கொடுக்கும் தலைப்பு ஒன்றே என்றால் பத்து டீமில் மூன்று பேருக்கு ஒரே யோசனை வரத்தான் செய்யும்.

எங்கள் டீமில் படம் வரைந்தவன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். என் படங்களை கேமிலிருந்து எடு என்கிறான்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் படங்கள் அவருடையவைதான் தம்பி. விற்கிற எண்ணம் இருந்தால் வேறு ஆளை வைத்து வரைந்துகொள்ளுங்கள். இல்லை, படங்களே கேமின் உயிர் என்றால் டீக்கடையில் உட்கார்ந்து சமாதானம் பேசி, வருமானத்தில் அவருக்கு எவ்வளவு, பெயர் எங்கே வரும், பிரிந்தால் யார் எதை வைத்துக்கொள்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். டீக்காசு நீங்கள் கொடுங்கள்.