ஒரு பக்கம் மட்டும் பெருத்த குழந்தை: முதலில் வயிற்று ஸ்கேன்

முதலில் வயிற்று ஸ்கேன் எடுங்கள். காலுக்கு வைத்தியம் அப்புறம். உங்கள் பிள்ளையின் வலது கையும் காலும் பெருத்திருப்பதைப் பார்த்து, பாம்பனில் எல்லாரும் யானைக்கால் என்று பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். 2 வயதுப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே வலது கையும் காலும் சேர்ந்து பெருத்திருந்தால் அது கொசுவால் வந்ததாக இருக்காது. ஹெமிஹைப்பர்பிளேசியா, அதாவது உடலின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வளர்வது என்றே தோன்றுகிறது.

பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களை ஒட்டி வையுங்கள். ஒரு முட்டி உயர்ந்து நின்றால் கால் நீளமும் கூடியிருக்கிறது. விரலால் அழுத்திக் குழி விழுந்தால் அது நீர்வீக்கம், காரணம் வேறு.

இந்தப் பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி, அதாவது குழந்தைகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய், வரலாம். அதனால்தான் ஸ்கேன், அதுவும் சுமார் 7 வயது வரை 3 மாதத்துக்கு ஒருமுறை. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.