எழுத்தாளரின் இலக்கும் கதையின் இலக்கும் – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். வயது 31. இதுவரை ஆறு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டு இணைய இதழ்களில் வெளிவந்தன. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் என் இலக்குகளை எழுதிவைத்தேன்: தினமும் 1,000 சொற்கள், ஆண்டு முடிவதற்குள் ஒரு நாவல், 32 வயதில் ஒரு சிறுகதைத் தொகுப்பு, 35 வயதுக்குள் யுவ புரஸ்கார் விருது. நவம்பர் மாதத்தில் 30 நாட்களில் 50,000 சொற்கள் எழுதும் முயற்சியிலும் இறங்கினேன். சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவல் அது. பதினோராம் நாள், 18,000 சொற்களைத் தாண்டிய நிலையில் நின்றுபோனது. அதன்பின் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை.

என் வேலையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நகைக்கடன் பிரிவில் நாள் முழுதும் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினால் மனதில் எதுவும் மிஞ்சுவதில்லை. நேற்று ஒரு பாட்டி தாலிக்கொடியை மீட்க வந்தார். அவர் பெயரில் வைத்த அடகுதான். கையெழுத்து வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்தபோது, "இது என் மருமக கொடி, அவ பாக்குறதுக்குள்ள பொட்டியில வச்சிரணும்" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு வேகமாகப் போனார். இப்படியே நாட்கள் கழிகின்றன. முகநூலில் என் வயதுக்காரர்களின் நூல் வெளியீட்டுப் படங்களைப் பார்க்கும்போது பொறாமையும் சோர்வும் ஏற்படுகின்றன. எழுத்தின் மீதிருந்த தீவிரம் எனக்குள் வற்றிவிட்டதா? இலக்குகளை நான் எப்படி வகுத்துக்கொள்ள வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தோழிக்கு,

நாட்குறிப்பில் நீங்கள் எழுதிவைத்த நான்கு இலக்குகளையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான்கும் உங்களைப் பற்றியவை. எந்தக் கதையைப் பற்றியும் அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. எத்தனை சொற்கள் எழுதுவீர்கள், எந்த வயதில் எதை வெளியிடுவீர்கள், எதைப் பெறுவீர்கள் என்பதெல்லாம் இருக்கின்றன. யாரைப் பற்றி, எதை அறிந்துகொள்வதற்காக எழுதப்போகிறீர்கள் என்பது இல்லை. உங்கள் சோர்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். இலக்கு வைத்ததில் பிழையில்லை. அதைக் கதையின் மேல் வைக்காமல் எழுத்தாளர் என்ற நிலையின் மேல் வைத்துவிட்டீர்கள்.

விருதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாகித்திய அகாதெமி யுவ புரஸ்காரை 2011 முதல் 35 வயதுக்கு மேற்படாத எழுத்தாளர்களுக்கு வழங்கிவருகிறது. நல்ல நோக்கம் கொண்ட விருது, கிடைத்தால் மகிழுங்கள். ஆனால் நடுவர்கள் கையில் இருப்பதை உங்கள் நாட்குறிப்பில் இலக்காக எழுதினால், 36ஆம் பிறந்தநாளன்று, நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், தோற்றவராகவே உங்களை உணர்வீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

சொற்கணக்கு அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. தினமும் இத்தனை சொற்கள் என்று வகுத்துக்கொண்டு எழுதியவர்களுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் குறிப்பிடுவது 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப்பை. அவர் அஞ்சல் துறையில் அதிகாரியாக வேலை பார்த்தவர். வேலைக்குப் போவதற்கு முன், காலை ஐந்தரை மணிக்கு எழுத உட்காருவார். தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காகவே ஒரு பணியாளருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதி, வாரம் எத்தனை பக்கம் ஆயிற்று என்பதை ஏட்டில் குறித்துவந்தார். இப்படி 47 நாவல்களை முடித்தார். இவையெல்லாம் 1883ல், அவர் மறைந்த அடுத்த ஆண்டு வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியிருப்பவை. எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்தக் கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதே நூலில் அவர் சொல்லும் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரைமணியை, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கே அவர் செலவிட்டார். சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பதற்காகப் படித்தார். தன் கதைமாந்தரோடு படுத்து அவர்களோடு எழுந்ததாகவும், தனியே நடக்கையில் அவர்களுடைய துயரத்துக்கு அழுததாகவும் எழுதுகிறார். ஆக, அந்த 250 சொற்களுக்குப் பின்னால், நாளின் மற்ற நேரமெல்லாம் அந்த மனிதர்களைச் சுமந்து திரிந்த ஒரு மனம் இருந்தது. அந்தச் சுமையை இறக்கிவைக்கத்தான் அவருக்குக் கடிகாரம் உதவியது.

அவருடைய வாழ்க்கையில் உங்களுக்கு இன்னும் நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. 1847 முதல் 1850 வரை வெளியான அவருடைய முதல் மூன்று நாவல்களும் விலைபோகவில்லை. 1851ல் அஞ்சல் துறை அவரைத் தென்மேற்கு இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஊர் ஊராகக் குதிரையில் சென்று, தபால்காரர்கள் நடக்கும் தூரத்தை அளந்து, எந்தச் சிற்றூர்களுக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று வகுத்துத் தருவது வேலை. பண்ணை வீடுகளின் வாசலிலும் பாதிரியார் இல்லங்களின் முற்றத்திலும் நின்று கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்த அந்த ஆண்டுகளைத் தன் வாழ்வின் மகிழ்ச்சியான காலம் என்கிறார். அப்படி அலுவல் நிமித்தமாகச் சால்ஸ்பரிக்குப் போன ஒரு கோடை மாலையில், அங்குள்ள தேவாலயத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோதுதான், ஒரு முதிய பாதிரியாரைப் பற்றிய கதை அவர் மனதில் உருவாயிற்று. உடனே எழுத உட்காரவில்லை. ஓராண்டுக்கும் மேல் அதை மனதில் வைத்திருந்து, பிறகே தொடங்கி, வேலையின் இடையூறுகளுக்கிடையே முடித்தார். 1855ல் அது நூலாக வந்தபோதும் முதல் இரண்டு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 பவுண்டுதான். என்றாலும் இன்று நாம் அறியும் ட்ரோலப் அந்த நூலிலிருந்துதான் தொடங்குகிறார். அந்தக் கதையைக் கொடுத்தது, எழுத்துக்குத் தடை என்று அவர் எண்ணியிருக்கக்கூடிய அதே வேலை.

நவம்பர் முயற்சியையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 1999ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 பேர் சேர்ந்து தொடங்கிய பழக்கம் அது. நாளொன்றுக்கு 1,667 சொற்கள் எழுதினால் 30 நாட்களில் 50,000 வந்துவிடும். எழுதிய வரியைத் திருத்தித் திருத்தி முதல் பக்கத்தைத் தாண்டாதவர்களுக்கு அது நல்ல மருந்து. உங்கள் நோய் அதுவல்ல. நீங்கள் ஆறு கதைகளை எழுதி முடித்தவர். எழுதத் தயங்குபவர் அல்லர். சென்னையின் மென்பொருள் நிறுவனம் உங்களுக்குத் தெரியாத உலகம் என்பதைக்கூட நான் குறையாகச் சொல்லமாட்டேன்; தெரியாததைத் தேடிப் போய் அறிந்து எழுதலாம். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிதான் இருக்கிறது. அவள் பெயர் இல்லை, அவளுக்கு என்ன நேர்கிறது என்பது இல்லை, அவளை ஏன் எழுத விரும்பினீர்கள் என்பதும் இல்லை. வேலையைப் பற்றிக் குறைபடும்போது போகிற போக்கில் எழுதிய பாட்டியோ முழு உயிரோடு வந்து நிற்கிறார்.

அந்தப் பாட்டியைப் பற்றி எனக்கு எவ்வளவு கேள்விகள் எழுகின்றன, பாருங்கள். மருமகளின் கொடியை அவர் எப்போது, யாருக்காக அடகு வைத்தார்? மகனுக்கு அது தெரியுமா? இத்தனை நாள் மருமகள் பெட்டியைத் திறக்கவில்லையா, அல்லது திறந்து பார்த்துவிட்டுத் தெரியாததுபோல இருக்கிறாளா? நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்க்கும்போது, தாலிக்கொடியைப் பிறர் தொடுவதை அந்தப் பாட்டி எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்? வட்டி கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? அவருடைய கையெழுத்தை வாங்கிய நீங்கள், அவர் சொன்னதைக் கேட்டபின் என்ன செய்தீர்கள்? ஒரு சிறுகதைக்கு இவற்றில் இரண்டு கேள்விகள் போதும். 2021ல் ஐந்து சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, யார் பெயர் பட்டியலில் இருந்தது, யார் பெயர் விடுபட்டது, ஒரே வீட்டில் எத்தனை பெயரில் கடன் இருந்தது என்பதையெல்லாம் கூட்டுறவுச் சங்கங்களில் வேலை பார்த்தவர்கள் அருகில் இருந்து கண்டார்கள். அப்போது நீங்கள் பணியில் இருந்தீர்களா என்று தெரியவில்லை. இல்லையென்றாலும் உங்கள் மூத்த ஊழியர்களிடம் கேட்கலாம். ஒரு குடும்பத்துக்குள் நகை யாருடையது என்ற கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை உங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைவிட நீங்கள் அதிகமாக அறிவீர்கள். (எழுதும்போது ஊரையும் பெயரையும் உறவையும் மாற்றுவது மட்டும் போதாது, கடன் வைத்தவர் படித்தால் தன்னை அடையாளம் காணாத அளவுக்கு நிகழ்ச்சியையே மாற்றிவிடுங்கள். உங்களை நம்பி நகையைக் கொடுத்தவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை அது.)

தீவிரம் வற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுவதற்கு முன்பே நெஞ்சில் நிறைந்திருந்து, பின் குறைந்துபோகும் ஒன்றாக அதை நான் புரிந்துகொள்ளவில்லை. ஒரு மனிதரையோ இடத்தையோ மொழியையோ இன்னும் கூர்ந்து அறிய வேண்டும் என்ற வேட்கை இருக்கும்வரை எழுதுபவருக்குத் தீவிரம் குறைவதில்லை. உங்கள் பக்கத்து ஊரான இடைசெவலில் வாழ்ந்த கி. ராஜநாராயணனை நினைத்துப் பாருங்கள். விவசாயியான அவருடைய முதல் கதை 1958ல் சரஸ்வதி இதழில் வெளிவந்தபோது அவர் முப்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தார். இன்றைய யுவ புரஸ்கார் கணக்குப்படி வாய்ப்பின் விளிம்பு. அவரைச் செலுத்தியது கரிசல் மண்ணின் பேச்சின் மேல் இருந்த தீராத ஆர்வம். அந்த ஆர்வம் கதைகளோடு நிற்கவில்லை. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார், 1982ல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியையே வெளியிட்டார். சாகித்திய அகாதெமி விருது 1991ல் வந்தது; அதற்குப் பின்னும், தொண்ணூறு வயதைக் கடந்தும், எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் சங்கத்துக்கு வருபவர்கள் பேசுவதும் அந்த மொழிதான்.

இனி, நீங்கள் கேட்ட இலக்கு. அடுத்த ஆறு மாதத்துக்கு நாவல் வேண்டாம், ஒரே ஒரு சிறுகதை போதும். அந்தக் கதையில் யாரைப் பற்றி எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதை நாட்குறிப்பில் இரண்டு வரியில் எழுதுங்கள், அதுதான் இலக்கு. முதல் இரண்டு மாதங்களில் கதையைத் தொடங்கக்கூடாது. சங்கத்திலிருந்து திரும்பிய இரவில், அன்று கேட்ட ஒரு பேச்சை, சொன்னவரின் சொற்களிலேயே எழுதிவையுங்கள். களைத்திருக்கும் மனதாலும் இதைச் செய்ய முடியும், பத்து நிமிடம் போதும். பின்னர் வாரத்தில் இரண்டு காலைகளை ஒதுக்கி முதல் வரைவை முடியுங்கள். முடித்ததை ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்து, உரக்கப் படித்து, இரண்டாம் முறை முழுமையாக எழுதுங்கள். திருத்துவதைச் சொல்லவில்லை, முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுவதைச் சொல்கிறேன். பள்ளிக் கட்டணத்துக்காக நகை வரும் ஜூன் மாதத்திலும், புரட்டாசி விதைப்புக்கு முன்னும் உங்கள் முகப்பில் கூட்டம் அதிகமாக இருக்கும்; அந்த வாரங்களில் எழுதவில்லையே என்று வருந்தாமல், குறிப்பெடுப்பதை மட்டும் விடாமல் செய்யுங்கள். கதை நகரத் தொடங்கிய பிறகு சொற்கணக்கு வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, முந்தைய நாள் எழுதியதைப் படித்துவிட்டுத் தொடங்குவீர்கள் என்றால்.

பொறாமையைப் பற்றி ஒன்று. வெளியீட்டுப் படங்களைப் பார்த்து வருந்துவது இயல்பு. அதற்காக உங்களைக் குறைவாக எண்ணாதீர்கள். அந்த நூல்களில் ஒன்றை வாங்கி, ஒரு கதையையேனும் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். எழுதியவர் எங்கே கூர்ந்து பார்த்திருக்கிறார், எங்கே அவசரப்பட்டிருக்கிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். நன்றாக இருந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் வரைவைத் தட்டிக்கொடுக்காமல் படித்துச் சொல்லக்கூடிய ஒருவர் உங்களுக்குத் தேவை, அவர் பெரும்பாலும் இப்படித்தான் கிடைப்பார். அந்த 18,000 சொற்களை அழிக்க வேண்டாம். சிறுகதையை முடித்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்து, சென்னைப் பெண்ணின் ஊர் எது, அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வீட்டில் யாருடைய நகை அடகுக்குப் போயிற்று என்ற கேள்வியோடு படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை