காணியை விற்க முன்னர் கிளிநொச்சித் தம்பிக்கு

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பரந்தனில் அரிசி ஆலை, முரசுமோட்டையில் வயல், கண்டி வீதியில் ஒரு கடை. எல்லாவற்றையும் விற்று, சுவிஸில் இருக்கும் அண்ணாவிடமும் கொஞ்சம் வாங்கி, கிரீஸில் இரண்டரை இலட்சம் யூரோவுக்கு ஒரு வீடு வாங்கினால் குடும்பத்தோடு ஐரோப்பாவில் வதிவிட உரிமை என்று கொழும்பில் ஒரு ஹோட்டல் கூட்டத்தில் சொன்னார்களாம். கிரீஸா, போர்த்துக்கலா, கனடாவா நல்லது? குளிர் எப்படி, பிள்ளைகளின் படிப்பு எப்படி, கறிச்சாமான் கிடைக்குமா என்றும் கேட்கிறார்.

தம்பி, நாட்டைத் தெரிவுசெய்வது கடைசி வேலை. உங்கள் காசு எங்கே பிறந்தது, எந்த வழியால் வங்கிக்கு வந்தது என்று கடதாசியில் காட்ட முடியுமா? அதை முதலில் பாருங்கள். கூட்டத்தில் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள். திறந்திருந்தால் பாதிப் பேர் தேநீர் வரமுன்பே எழுந்து போயிருப்பார்கள்.

நான் கனடாவில் நெடுங்காலமாக எங்கள் சனத்துக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவன். காசு வைத்திருப்பவர்களையும் கண்டிருக்கிறேன், காசுக்குக் கடதாசி வைத்திருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளாக இருப்பது அரிது. முதலீட்டு விசாவுக்கு இரண்டும் ஒருவரிடமே இருக்கவேண்டும். அமெரிக்காவின் ஈ.பி.-5 விசாவுக்குப் பின்தங்கிய பகுதியில் 800,000 டொலர், மற்ற இடங்களில் 1,050,000 டொலர் போட்டுப் பத்துப் பேருக்கு முழுநேர வேலை உருவாக்கவேண்டும். அதற்கும் மேலாக, அந்தக் காசு சட்டப்படி உழைத்தது என்று வேரிலிருந்து காட்டவேண்டும். ஐரோப்பாவில் விசாக் கந்தோர் மேலோட்டமாகப் பார்த்தாலும் காசு போய்ச் சேரும் வங்கி விடாது.

ஊரில் நாங்கள் காணி விற்பது எப்படி? இரண்டு கோடிக்கு விற்போம். காணி உறுதிப் பத்திரத்தில் நாற்பது இலட்சம் என்று எழுதுவோம். முத்திரை வரி மிச்சம். மீதிக் காசு உரப்பையில் வந்து சேரும். எல்லோருக்கும் சந்தோசம். அந்த உரப்பைக் காசுக்கு ஏதென்ஸ் வங்கியில் இருக்கும் அதிகாரிக்கு என்ன விளக்கம் கொடுப்பீர்கள்? நீங்கள் நேர்மையான மனிதராக இருக்கலாம். உங்கள் உறுதி அப்படிச் சொல்லாது. ஆலையும் அதே கதைதான். காலபோகத்தில் நெல்லைக் காசுக்கு வாங்கி அரிசியைக் காசுக்கு விற்றிருப்பீர்கள். வருமான வரிக் கோப்பு இருக்கிறதா, அதில் காட்டிய வருமானம் எவ்வளவு? கோப்பில் ஆண்டுக்குச் சில இலட்சம் என்று இருந்தால் கோடிக் கணக்கை அது தாங்காது.

வயலைப் பற்றி நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. அது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? இரணைமடுவின் கீழும் வன்னியின் மற்றக் குளங்களின் கீழும் குடியேற்றத் திட்டங்களில் பகிர்ந்த காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. உழலாம், விதைக்கலாம், பின்னுரித்தாளர் இன்னார் என்று பெயர் குறிக்கலாம்; உறுதிக் காணிபோலச் சந்தையில் விற்க முடியாது. பெர்மிட் பிறகு அரசின் அளிப்புப் பத்திரமாக மாறினாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற இயலாது. 2024இல் அரசின் உறுமய காணி உரிமைத் திட்டத்தில் முழு உரிமை கிடைத்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் வேறு கதை. இல்லையென்றால், வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சி வைத்து விற்கிற அந்த விற்பனை ஊருக்குள் மட்டும் செல்லும். விதானையாருக்கும் தெரியும், பக்கத்து வயல்காரருக்கும் தெரியும். வெளிநாட்டு வங்கிக்கு அது வெறும் தாள்.

எங்கள் பகுதியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2009இல் உறுதிப் பெட்டியைச் சுமந்துகொண்டு மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடிக் கடைசியில் மெனிக்பாம் முகாமுக்கு வெறுங்கையோடு போன குடும்பங்கள் எத்தனை! உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கலாம். அப்பாவின் ஆலைக் கணக்குப் புத்தகத்தை எந்தப் பதிவகத்தில் எடுப்பது? வன்னியில் ஒரு மனிதனிடம் பழைய கடதாசி ஏன் இல்லை என்பது லிஸ்பனில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவருக்குப் புரியாது. புரியவைக்கச் சட்டத்தரணி வேண்டும். அவருக்குக் கட்டணம் வேறு.

கடதாசி எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைப்போம். காசை நாட்டுக்கு வெளியே எடுக்கவேண்டுமே. அதற்கு 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் அதன் கீழ் வரும் வரம்புகளும் இருக்கின்றன. 2020க்குப் பிறகு அந்த வரம்புகளை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சை நம்பவேண்டாம். "காசு அனுப்புவதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று கூட்டத்துக்காரர் சொன்னால் அவர் உண்டியலைத்தான், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுவதைத்தான், சொல்கிறார். இங்கிருந்து விசுவமடுவில் இருக்கும் மாமிக்கு மருந்துச் செலவு அனுப்ப எங்கள் சனம் உண்டியலை நம்பியே பழகிவிட்டது. அங்கிருந்து கோடிகளை அதே வழியால் அனுப்பினால், யூரோவாக வந்து விழும் காசுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அந்தக் காசில் வாங்கிய வீட்டை வைத்து எந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது?

இனி அந்த இரண்டரை இலட்சம். கிரீஸ் 2013இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது இருந்த விலை அது. 2024 செப்டெம்பர் முதல் ஏதென்ஸ் அடங்கிய அத்திக்கா, தெசலோனிக்கி, சந்தோரினி, மிக்கோனோஸ், 3,100 பேருக்கு மேல் வாழும் தீவுகள் எல்லாவற்றிலும் 800,000 யூரோ. மற்ற இடங்களில் 400,000. கடையையோ கந்தோரையோ வீடாக மாற்றிய கட்டடம், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தின் புனரமைப்பு, இந்த இரண்டுக்கும்தான் இன்னமும் 250,000. கடையை வீடாக்கும் வேலை முடிந்த பிறகுதான் விண்ணப்பமே கொடுக்கலாம். ஆகவே உங்களுக்குப் படத்தில் காட்டிய வீடு இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். இலங்கைக் காசில் எட்டு ஒன்பது கோடி, தம்பி. பளபளப்புத் தாளில் அச்சடித்த படத்தை நம்பிக் கொடுக்கிற தொகையா அது?

கொடுத்தபின் கிடைப்பது ஐந்தாண்டு அட்டை. வீடு உங்கள் பெயரில் இருக்கும்வரை புதுப்பிக்கலாம். ஆனால் அந்த அட்டையோடு அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய இடமில்லை. பரந்தனில் முதலாளி, ஏதென்ஸில் ஒரு கடையில் கூலிக்கு நிற்கவும் முடியாது. சுவிஸுக்கு அண்ணாவைப் பார்க்கப் போகலாம், 180 நாளில் 90 நாள். குடியிருக்கப் போக முடியாது. லண்டனுக்கு அந்த அட்டை செல்லவே செல்லாது. குடியுரிமை வேண்டுமென்றால் ஏழு ஆண்டு உண்மையிலேயே அங்கே வாழ்ந்து, கிரேக்க மொழியில் பரீட்சையும் எழுதவேண்டும்.

மற்ற நாடுகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. போர்த்துக்கல் 2023 ஒக்டோபரில் வீடு வாங்கும் வழியை எடுத்துவிட்டது. நிதியத்தில் 500,000 யூரோ போடும் வழி இருக்கிறது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் முழுவதுமாக நிறுத்திவிட்டது. பிரித்தானியா 2022இலும் அயர்லாந்து 2023இலும் கதவைச் சாத்திவிட்டன. கனடாவின் மத்திய அரசு முதலீட்டுத் திட்டம் 1986இல் தொடங்கி 2014இல் முடிந்தது. நாங்கள் அகதிக் கோரிக்கைக்குப் பதில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஹொங்கொங்காரர் அந்த வழியால் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வரவேற்பு, எங்களுக்கு விசாரணை. இப்போது கனடாவுக்கு "முதலீட்டு விசா" என்று யாராவது உங்களிடம் விற்றால், காசுக்கு வேலைக் கடிதம் எழுதிக் கொடுக்கிற ஆளாகத்தான் அநேகமாக இருப்பார். அது இங்கே குற்றம்.

உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, உங்களில் அல்ல. 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தபின் நாங்கள் ஸ்கந்தபுரத்தில் ஒரு மரத்தடியில் கொட்டில் போட்டு இருந்தோம். அப்பா தன் உழவு மெசினை விற்று என்னை அனுப்பினார். வன்னியை விட்டு வரப் பாஸ், பிணை நிற்க ஓர் ஆள், தாண்டிக்குளத்தில் சோதனை, வவுனியாவில் தடுத்துவைத்த முகாம், பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ். அங்கே ஏஜென்சிக்காரர் வாராவாரம் வந்து இன்னும் கொஞ்சம் தேவை என்பார். அவர் சாரம் கட்டிக்கொண்டு வந்தார், உங்கள் ஆள் கோட் போட்டுக்கொண்டு வருகிறார். நான் இங்கே மாசி மாதத்தில் மெல்லிய சப்பாத்தோடு வந்து இறங்கினேன். நிலக்கீழ் அறை ஒன்றில் இளைஞர்கள் நெருக்கியடித்துப் படுப்போம். இரவு வேலைக்காரன் எழும்ப, பகல் வேலைக்காரன் அதே மெத்தையில் படுப்பான். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, பகலில் கணக்கியல் படித்து, முதல் வீட்டுக்கடனை எடுத்தபோது வங்கி கேட்ட ஒவ்வொரு கடதாசியும் என் கையில் இருந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன். அப்பாவோ அதன் பிறகு ஒவ்வொரு போகத்துக்கும் ஊரவரின் மெசினைக் கூலிக்குப் பிடித்துத்தான் உழுதார். நான் காசு அனுப்பியும் புதிதாக ஒன்று வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

இங்கிருக்கிற எங்கள் ஆட்களிடம் ஆலோசனை கேட்கும்போதும் கவனம். 2023இல் ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் பலர் வந்தபோது, அகதியாக வந்து மூன்று வீடு வாங்கியவர்கள்தான் "இவர்கள் வந்து நாட்டைக் கெடுக்கிறார்கள்" என்று கோயில் மண்டபத்தில் முழங்கினார்கள். அதே ஆட்கள் தங்கள் நிலக்கீழ் அறைகளை அவர்களுக்கே உச்ச வாடகைக்குக் கொடுத்தார்கள். இன்னொரு வகையினர், கடனுக்கு எடுத்த பென்ஸுக்குப் பக்கத்தில் நின்று படம் அனுப்பி ஊரில் இருக்கிறவர்களின் நித்திரையைக் கெடுக்கிறவர்கள். அவர்களுடைய வரிப் படிவத்தை நான்தான் நிரப்புகிறேன். அதற்கு மேல் சொல்லக்கூடாது.

மற்றக் கேள்விகள்: குளிருக்குச் சட்டை இருக்கிறது. கறிச்சாமான் எங்கள் சனம் நாலு குடும்பம் சேர்ந்த இடமெல்லாம் கிடைக்கும். கிரீஸில் அரச பாடசாலை கிரேக்க மொழியில் நடக்கும். ஆங்கிலம் வேண்டுமென்றால் தனியார் பாடசாலை, அதற்குத் தனிச் செலவு.

ஆலையை இப்போதைக்கு விற்கவேண்டாம். பிரதேச செயலகத்துக்குப் போய் வயலின் நிலையை எழுத்தில் எடுங்கள். கூட்டத்துக்காரருக்கு முற்பணம் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். அவர் அவசரப்படுத்தினால் அவசரம் அவருக்குத்தான். அண்ணாவின் பங்கை அன்பளிப்பாக வாங்கலாம், ஆனால் அவருடைய வங்கிக் கணக்கையும் வரிக் கணக்கையும் கேட்பார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததா, சீட்டுக் காசும் உணவகத்தில் கையில் வாங்கிய காசும் சேர்த்ததா என்று அவரிடமே கேளுங்கள். பதில் சொல்லாமல் கோபித்துக்கொண்டாரென்றால், அவருடைய பங்கைக் கணக்கில் சேர்த்து மினக்கெடவேண்டாம்.